லே நகரில் இரண்டாம் நாள் காலையிலேயே ஓடலாமா?

பட்டர்வொர்த் ஓட்டக்காரன்:
வணக்கம். அக்டோபர் முதல் வாரத்தில் நண்பர்கள் மூவருடன் லடாக் செல்கிறேன். டில்லியிலிருந்து விமானத்தில் நேராக லே நகரில் இறங்கி ஐந்து நாள் தங்குவதாகத் திட்டம். பினாங்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலை உச்சிக்குச் செல்லும் ஜீப் சாலையில் வாரம் மும்முறை ஓடி ஏறிப் பழகியவன் என்பதால், இரண்டாம் நாள் விடியலிலேயே ஐந்து கிலோமீட்டர் ஓட எண்ணுகிறேன். உடன் வரும் ஒருவர் கூடவே கூடாது என்கிறார். உங்கள் கருத்து என்ன?

ஜெலுத்தோங் வாசகி:
உங்கள் நண்பர் சொல்வதே சரி, தம்பி. கொடிமலை 833 மீட்டர். லே நகரம் சுமார் 3,500 மீட்டர். காற்றில் ஆக்சிஜனின் பங்கு இரண்டு இடத்திலும் 21 விழுக்காடுதான் என்றாலும், லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 65 விழுக்காடே இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிடைப்பது அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கீழே எவ்வளவு ஓடிப் பழகியிருந்தாலும் அந்தப் பழக்கம், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோயைத் தடுப்பதில்லை. என் தம்பி அரை மாரத்தான் ஓடுபவன். லேயில் இறங்கிய மறுநாள் காலை ஓடிவிட்டு வந்தவன், நண்பகலுக்குள் குடித்த தேநீர்கூட வயிற்றில் தங்காமல், போர்வைக்குள் தலையைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தான். பக்கத்தில் அமர்ந்திருந்த எனக்கு அது மறக்கவில்லை.

செந்தூல் மலையேறி:
அக்காவின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால், இந்த அச்சம் அளவுக்கு மீறியது. நம் மலேசியாவின் சபா மாநிலத்திலேயே, கினபாலு மலையோட்டப் போட்டியில் 4,095 மீட்டர் உச்சியைத் தொட்டுவிட்டுச் சில மணி நேரத்தில் அடிவாரம் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். லேயில் விடியற்காலையில் ஓடியவன் என்ற முறையிலும் சொல்கிறேன்: ஊர் இன்னும் நிழலில் உறைந்திருக்க, எதிரே ஸ்டோக் மலைத்தொடரின் பனிமுகட்டில் முதல் வெயில் விழுவதையும், மஞ்சளாகிவிட்ட பாப்லர் மரங்களுக்கிடையே நம் மூச்சு வெண்புகையாய் முன்னே செல்வதையும் வண்டிக்குள் இருந்து உணர முடியாது. அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்?

ஜெலுத்தோங் வாசகி:
கினபாலு எடுத்துக்காட்டு இதற்குப் பொருந்தாது, ஐயா. மலைநோய் பெரும்பாலும் உயரத்தை அடைந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே தலைகாட்டும். அந்த ஓட்டக்காரர்கள் அதற்குள் இறங்கிவிடுகிறார்கள். லேயிலோ அந்த உயரத்திலேயே படுத்துறங்க வேண்டும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் வெறும் 2,240 மீட்டரில் நடந்தது. பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனையைக் கையில் வைத்திருந்த ரான் கிளார்க் ஆறாவதாக ஓடி முடித்து மயங்கி விழுந்தார்.

செந்தூல் மலையேறி:
உறக்கம் பற்றிய வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால், கிளார்க் ஓடியது பதக்கத்துக்காக. இவர் கேட்பது மெல்லோட்டம். முதல் இரண்டு நாள் நடை மட்டும் போதும். மூன்றாம் நாள், ஒரு திருக்குறளை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வேகத்தில் இருபது நிமிடம் ஓடலாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பூஜ்யத்தை நெருங்கும் அந்தக் குளிரில் வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆகவே, மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொள்ளுங்கள்; ஆஸ்துமா இருந்தால் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

ஜெலுத்தோங் வாசகி:
மூன்றாம் நாள் என்று நாள்கணக்கு வைப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. உடல் எல்லோருக்கும் ஒரே நாளில் பழகுவதில்லை. அன்று காலை தலைவலியோ குமட்டலோ சிறிதளவு இருந்தாலும் காலணியை எடுக்காதீர்கள், தம்பி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உயரம் குறைந்த இடத்துக்கு இறங்குவதே அதற்கு முதல் மருந்து.

பட்டர்வொர்த் ஓட்டக்காரன்:
இருவருக்கும் நன்றி. இரண்டாம் நாள் ஓட்டத்தைக் கைவிட்டேன். நான்காம் நாள் காலை, தலைவலி இல்லையென்றால் மட்டும், குறள் சொல்லிக்கொண்டே ஓடிப் பார்க்கிறேன்.