புதுப்பிப்பு: நீலமா, சன்பர்ஸ்டா? முடிவெடுத்துவிட்டேன்

ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரை லேக் பிளாசிட் நீலத்தில் வாங்குவதா, சன்பர்ஸ்டில் (நடுவில் வெளிர், ஓரத்தில் அடர் நிறம்) வாங்குவதா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பெரும்பாலானோர் சன்பர்ஸ்ட் என்றீர்கள். நான் நீலத்தையே எடுத்துவிட்டேன்.

காரணம், நண்பர் ஒருவரின் பழைய நீலக் கிட்டார்; நைட்ரோ லாக்கர் என்ற பழைய வகை மேல்பூச்சு கொண்டது. பிக்கப்பைச் (தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) சரிபார்க்க, கிட்டாரின் முன்பக்கத்தை மூடும் பிக்கார்டு தகட்டைக் கழற்றினார். அதற்கடியில் வெளிச்சமே படாத இடம் வெள்ளித்துகள் மின்னும் சுத்தமான நீலம். ஒரு கோடு தாண்டினால் மயில் கழுத்துப் பச்சை! அடியில் உள்ள நீலம் அப்படியே இருக்க, மேல்பூச்சு மட்டும் மஞ்சளித்துப் பச்சையாகக் காட்டுகிறது. அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஃபெண்டர் இந்த நிறங்களைக் கார் பெயின்டிலிருந்துதான் எடுத்தது. லேக் பிளாசிட் நீலம் 1958 காடிலாக் காரின் நிறம். அவர்களின் இன்னொரு நிறமான ஃபியஸ்டா சிவப்பு 1956 ஃபோர்டு தண்டர்பேர்டில் வந்தது.

சன்பர்ஸ்ட் பிரியர்களுக்கு: 1958–60 கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் சன்பர்ஸ்ட் கிட்டார்களில் சிவப்புச் சாயம் வெளிறி, ஒவ்வொன்றும் ஒரு தேன் நிறமானது பேரழகு, மறுக்கவில்லை.

அப்புறம், என்னுடையது நைட்ரோ அல்ல, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு. அவ்வளவு எளிதில் பச்சையாகாது. அது ஒன்றுதான் குறை.