படத்தோடு போகும் எழுத்துக்கு என்ன பெயர்? (வெள்ளிக்குள் வேண்டும்)

திருநகரிலிருந்து, செவ்வாய் காலை

குழுவினருக்கு வணக்கம்.

சித்திரைத் திருவிழாச் செய்திகள் போடும் ஓர் உள்ளூர்த் தளத்தின் உள்பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை கோப்பை அனுப்பியாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது.

படம் ஏற்றும் இடத்தில் நான்கு பெட்டிகள் வரும். ஒன்று தலைப்பு. இன்னொன்று படத்துக்குக் கீழே எல்லாருக்கும் தெரிகிற வரி. அதற்குப் படக்குறிப்பு என்று வைத்துவிட்டேன். மூன்றாவது விவரம். நான்காவதுதான் ஆல்ட் டெக்ஸ்ட். பக்கத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குக் குரலில் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான், படம் வரும் இடத்தில் அதைத்தான் வாசிக்கும்.

இதுவரை அந்தப் பெட்டிக்கு மேல் "மாற்று உரை" என்று இருந்தது. நிரப்புகிறவர்கள் இரண்டு தட்டச்சுப் பெண்கள். நேற்று அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர் தலைப்பையே மறுபடி ஒட்டினார். மற்றவர் என்னிடம் கேட்டார்: "அக்கா, இந்தப் படத்துக்குப் பதிலா வேற படம் மாத்தணும்னா இதுல எழுதணுமா?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. பெட்டியின் பெயரைப் படித்தால் என்ன எழுதுவது என்று கைக்குத் தெரிய வேண்டும். இந்தப் பெயர் அதைச் சொல்லவில்லை. சொல் நீளமாக இருக்கக் கூடாது, பெட்டி சின்னது.

கோரிப்பாளையத்திலிருந்து, செவ்வாய் மதியம்

அக்கா, மாற்றுரையே இருக்கட்டும் என்பது என் கருத்து. ஆல்ட் என்பதே மாற்று என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். இணைப்பு மெதுவாக இருந்த காலத்தில் படம் இறங்காவிட்டால் அந்த இடத்தில் இது தெரியும். 1997-இல் வந்த எச்டிஎம்எல் 4 (இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் நான்காம் பதிப்பு) எல்லாப் படத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. இணையத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைக்க 1999-இல் வந்த முதல் அணுகல் வழிகாட்டியிலும் சரி, 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் சரி, முதல் விதியே இதைப் பற்றியதுதான். பெரிய மென்பொருள்களில் தமிழில் மாற்று உரை என்று ஏற்கெனவே பழகிவிட்டது. நாம் ஆளுக்கொரு சொல் வைத்தால், உதவி தேடுகிறவர் எதைத் தட்டித் தேடுவார்?

மேலூரிலிருந்து, செவ்வாய் இரவு

தம்பி சொன்ன சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. சேர்த்து எழுதினால் அதற்குத் தமிழில் முன்பே வேறு பொருள் உண்டு. மாற்று என்பது பொன்னின் தரம். மாற்றுக் குறையாத தங்கம் என்கிறோம். உரைத்தல் கல்லில் தேய்த்துப் பார்ப்பது. உரைகல் அந்த வழியில் வந்தது. திருவாரூர்க் கமலாலயக் குளக்கரையில் மாற்றுரைத்த விநாயகர் இருக்கிறார். சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுக் கமலாலயத்தில் எடுத்தார், அப்போது அதன் தரத்தை உரைத்துப் பார்த்துச் சொன்னவர் அந்தப் பிள்ளையார் என்பது தல வரலாறு. தெற்காவணி மூல வீதியில் போய் மாற்றுரை வேண்டும் என்றால் நகைக்கடைக்காரர் கல்லைத்தான் எடுப்பார்.

டெக்ஸ்ட் என்பதை உரை என்பதும் எனக்கு உடன்பாடில்லை. மூலம் வேறு, உரை வேறு. மூலத்துக்குப் பனுவல் என்ற சொல் இருக்கிறது.

என் பரிந்துரை காண்டிகை. நன்னூல் உரையை இரண்டாக வகுக்கிறது. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்று சூத்திரத்தின் உட்பொருளைச் சுருக்கமாகக் காட்டுவது காண்டிகை. அதற்கு மேலும் வேண்டியவற்றை விரித்துச் சொல்வது விருத்தி. நமக்கும் இந்த இரண்டும்தானே தேவை? சாதாரணப் படத்துக்கு ஒரு வரி போதும், அது காண்டிகை. வரைபடம், அட்டவணை என்றால் நீளமாக எழுத வேண்டும், அது விருத்தி. காண் என்ற ஒலி வேறு உள்ளே கேட்கிறது. உரையாசிரியர்கள் நமக்காகச் செய்துவைத்துவிட்டுப் போன சொல்லை விட்டுவிட்டு வெளியே தேட வேண்டுமா?

உசிலம்பட்டியிலிருந்து, புதன் மாலை

ஐயாவுக்கு வணக்கம். இன்று எட்டாம் வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். ஜல்லிக்கட்டுப் படம் ஒன்றைக் காட்டி, கரும்பலகையில் ஒவ்வொரு சொல்லாக எழுதி, "இந்தப் படத்துக்கு இதை எழுதுங்கள்" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

மாற்றுரை என்றதும் இரண்டு பிள்ளைகள் எதிர்ச்சொல் எழுதினார்கள். காண்டிகைக்கு வகுப்பு அமைதியாகிவிட்டது, ஒரு பையன் "காணிக்கையா டீச்சர்?" என்றான். வருணனை என்று எழுதியபோது எல்லாரும் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். எனக்கு சந்தோஷம். நோட்டை வாங்கிப் பார்த்தால் "சீறிப் பாயும் வீரக்காளை", "கண்களைக் கவரும் அழகிய காட்சி" என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. காளை என்ன நிறம், திமிலைப் பிடித்து ஆள் தொங்குகிறாரா இல்லையா, ஒருவர்கூட எழுதவில்லை. கட்டுரைப் போட்டிக்கு நாங்கள்தான் அப்படிப் பழக்கிவைத்திருக்கிறோம். படம் பார்க்காதவருக்கு அதனால் என்ன தெரியும்?

கடைசியாகப் படவுரை என்று எழுதினேன். "கருப்பு மாடு. மஞ்சள் பனியன் போட்டவர் திமிலைப் பிடித்திருக்கிறார். பின்னால் கம்பி வேலி, கூட்டம்" என்று ஒரு பெண் எழுதினாள். பாதிப் பேர் இந்த மாதிரிதான் எழுதியிருந்தார்கள்.

மூலம் வேறு, உரை வேறு என்ற ஐயாவின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். இங்கே படம்தான் மூலம், நாம் எழுதுவது அதற்கு உரை. அப்படியானால் உரை என்ற சொல் சரியான இடத்தில்தானே உட்காருகிறது?

மேலூரிலிருந்து, புதன் இரவு

வகுப்பறை ஒரு சொல்லைச் சோதிக்கும் இடமில்லையம்மா, கற்றுக்கொடுக்கும் இடம். கணினி என்ற சொல்லும் ஒரு நாள் புதிதாகத்தான் இருந்தது. வருணனையைக் கைவிட்டதில் மகிழ்ச்சி. வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறார், உண்மை. இருப்பது போதாதபோது செல்ல வேண்டிய வழி அது.

இன்னொன்று. திரைவாசிப்பான் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். ஆன் என்பது ஆண்பால் விகுதி. கருவிக்கு இகர விகுதிதான் பொருத்தம். திரைபடிப்பி என்று எழுதலாம்.

கோரிப்பாளையத்திலிருந்து, புதன் இரவு

ஐயா, அழிப்பான், ஒலிப்பான் எல்லாம் புழக்கத்தில் இருக்கிறதே! அதைத் தனி இழையில் பேசுவோம், அக்காவுக்கு நேரம் இல்லை. படவுரை பற்றி ஒரு தயக்கம் சொல்கிறேன். மதுரையில் படம் என்றால் முதலில் சினிமாதான். "என்ன படம் ஓடுது?" என்று கேட்கிற ஊரில் படவுரையைத் திரைவிமர்சனம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

செல்லூரிலிருந்து, வியாழன் காலை

எனக்குப் பார்வை கிடையாது. கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். எனக்குத் திரையை வாசிப்பவை கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக். வாசிப்பானா படிப்பியா என்று எங்களுக்குள் யாரும் கேட்டுக்கொள்வதில்லை; பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். இத்தனை மடல்களையும் அதன் குரலில்தான் கேட்டேன்.

போன வருடம் அழகரை மதுரையில் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையின் நேரமும் பஸ்கள் திருப்பிவிடப்படும் வழியும் ஒரு தளத்தில் வந்திருந்தன. முழு அறிவிப்பும் ஒரே படம். தொட்டால் பெரிதாகும்படி இணைப்புக் கொடுத்திருந்தார்கள். அந்த மாதிரி இணைப்புப் படத்தில் எழுத்து இல்லையென்றால் என்விடிஏ கோப்பின் பெயரை வாசிக்கும். ஐ எம் ஜி, அடிக்கோடு, அப்புறம் ஒவ்வொரு எண்ணாக. அதற்குள்ளேதான் பஸ் வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை. தல்லாகுளத்தில் இறங்கி நடந்தே போனேன். இன்னொரு தளத்தில் அக்கறையாகப் பெட்டியை நிரப்பியிருந்தார்கள். "அறிவிப்பு" என்று. என்ன அறிவிப்பு? படத்துக்குள் எழுத்து இருந்தால் அந்த எழுத்து முழுவதும் எங்களுக்கு வர வேண்டும். பெட்டியில் அடங்காவிட்டால் பக்கத்திலேயே தட்டச்சு செய்து போட்டுவிடலாம்.

மூன்றாவது தளத்தில் பத்திக்குப் பத்தி ஒரு பூக்கோலம். ஒவ்வொன்றுக்கும் "டிசைன்" என்று எழுதிவைத்திருந்தார்கள். செய்தியைக் கேட்கவிடாமல் டிசைன், டிசைன் என்று வந்துகொண்டே இருந்தது. அழகுக்காக மட்டும் வைக்கும் படத்துக்குப் பெட்டியைக் காலியாக விட வேண்டும். ஆல்ட் இருக்கும், அதற்குள் ஒன்றும் இருக்காது; வாசிப்பான் பேசாமல் தாண்டிவிடும். ஆல்ட்டையே போடாமல் விடுவது வேறு விஷயம். அப்போது ஏதோ படம் இருக்கிறது, என்னவென்று தெரியாது என்ற நிலையில் நிற்போம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று ஊர் முழுக்க ஒரே கேள்விதான்: என்ன பட்டு? பச்சைப் பட்டு என்றால் அந்த வருடம் செழிக்கும் என்று நம்பிக்கை. சின்ன வயதில் ஆழ்வார்புரத்துக் கூட்டத்தில் என் தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு காதில் சொல்வாள். "குதிரை வந்திருச்சு. தங்கம். பட்டு பச்சைதான், அண்ணே, பச்சைதான்." அவள் சொன்னது படத்துக்கு மாற்று என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அன்றைக்கு நான் பார்த்த அழகர் அதுதான். எங்களைச் சேர்ந்த எல்லாவற்றிலும் மாற்று வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பெட்டியிலாவது அது வேண்டாம்.

படவுரை என்று தட்டிக் கேட்டுப் பார்த்தேன், தெளிவாக வருகிறது. இரண்டாகப் பிரித்து எழுதாதீர்கள். "பட" என்று நின்றுவிட்டு அப்புறம் "உரை" என்கிறது. சினிமா குழப்பம் வராது தம்பி, படம் ஏற்றுகிற பக்கத்தில்தானே அந்தச் சொல் இருக்கிறது.

பெட்டிக்குக் கீழே ஒரு வரி சேர்க்க முடியுமா? "போனில் ஒருவருக்கு இந்தப் படத்தை எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள்." பெயரில் விட்டுப்போனதை இந்த வரி சொல்லிவிடும்.

திருநகரிலிருந்து, வெள்ளி மாலை

எல்லாருக்கும் நன்றி. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்துப் படவுரைக்கு ஏழு பேர், மாற்றுரைக்கு மூன்று பேர், காண்டிகைக்கு ஒருவர். படவுரை என்று போட்டு அனுப்பிவிட்டேன். உதவிப் பக்கத்தில் மட்டும் "மாற்று உரை என்றும் சொல்வர்" என்று ஒரு வரி உண்டு, தேடுகிறவருக்காக. செல்லூர் அண்ணன் சொன்ன வரியும் பெட்டிக்குக் கீழே சேர்ந்துவிட்டது.

அந்தத் தட்டச்சுப் பெண்ணிடம் பழைய படம் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னேன். "தங்கக் குதிரையில் கள்ளழகர், பச்சைப் பட்டு, சுற்றிலும் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள்" என்று எழுதினார். தலைப்பை எடுத்து ஒட்டவில்லை.

"அழகுக்கு மட்டும்" என்று டிக் போடும் கட்டத்துக்கு இன்னும் சொல் முடிவாகவில்லை. இப்போதைக்கு அலங்காரப் படம் என்று வைத்திருக்கிறேன்.

மேலூரிலிருந்து, வெள்ளி இரவு

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். காண்டிகை என்பதே என் கருத்து, அது பதிவில் இருக்கட்டும். நீளமாக எழுதும் வசதி என்றைக்காவது அந்தத் தளத்தில் வந்தால் அதற்காவது விருத்தி என்ற பெயரைப் பரிசீலியுங்கள்.

செல்லூர்த் தம்பிக்கு: எங்கள் ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டு மலரை இணையத்தில் ஏற்றியிருக்கிறோம். முப்பத்திரண்டு படங்கள், ஒன்றுக்கும் படவுரை இல்லை. நாளை உட்கார்ந்து எழுதப்போகிறேன். முதல் ஐந்தை உங்களுக்கு அனுப்புகிறேன், கேட்டுவிட்டு எங்கே வளவளக்கிறேன் என்று சொல்லுங்கள்.