விப்பிள் ஆபரேஷனில் எல்லாருக்கும் பிப்டாஸ் போடலாமா?

அரசு_அறுவை:
கணையத் தலையை எடுக்கும் விப்பிள் ஆபரேஷனுக்குப் பிறகு காயத்தில் சீழ் வைத்தால், என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கக் கல்ச்சர் அனுப்புகிறோம். பல நேரம் வளர்வது, ஆபரேஷன் அன்று எடுத்த பித்தநீரில் வளர்ந்த அதே கிருமிதான். என்டரோகாக்கஸ், க்ளெப்சியெல்லா, என்டரோபாக்டர் என்று வரும். அப்படியிருக்க, தொற்றைத் தடுக்க, கீறலுக்கு முன் இன்னும் செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்கையே ஏன் போடுகிறோம்? என்டரோகாக்கஸிடம் அது எடுபடவே எடுபடாது.

2023-ல் ஜாமா இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 26 மருத்துவமனைகள், 778 நோயாளிகள். செஃபாக்ஸிடின் என்ற செஃபலோஸ்போரின் பெற்றவர்களில் 32.8% பேருக்கு 30 நாளுக்குள் ஆபரேஷன் செய்த இடத்தில் தொற்று. பிப்பராசிலின்-டாசோபாக்டம், அதாவது பிப்டாஸ், பெற்றவர்களில் 19.8%. பாதியிலேயே வித்தியாசம் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். எல்லாருக்கும் பிப்டாஸ் போடுவதுதான் நியாயம் என்பது என் நிலை.

நுண்ணோக்கி:
ஆய்வு நல்ல ஆய்வு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. "எல்லாருக்கும்" என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

பித்தநீரில் இயல்பாகக் கிருமி இருக்காது. பித்தக்குழாய் சிறுகுடலில் திறக்கும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. குடல் கிருமி மேலே ஏறாமல் அதுதான் தடுக்கிறது. காமாலைக்காகப் பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்ததும் அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பித்தநீரில் கிருமி வளரும். வைக்காதவர்களில் வளர்வது மிகக் குறைவு. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து எதற்கு சார்?

இன்னொன்று. இஎஸ்பிஎல் என்ற, ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் நொதி கொண்ட கிருமி நிறைந்த வார்டில் பிப்டாஸை நம்ப முடியாது. அப்போது அதைவிடப் பெரிய ஆன்டிபயாடிக்கான மெரோபெனெம் கேட்பீர்கள். அதுவும் கேட்காமல் போனால் அப்புறம் கையில் என்ன இருக்கிறது?

அரசு_அறுவை:
ஒரு நாள் மருந்து, கிருமியிடம் எதிர்ப்பை வளர்க்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முக்கியக் குற்றவாளி அது இல்லை, நிறுத்தாமல் ஏழு நாள் ஓட்டுகிறோமே, அதுதான். 24 மணி நேரத்துக்குள் நிறுத்திவிட்டால் ஆபத்து மிகக் குறைவு.

அந்த ஆய்வில் காயம் மட்டும் தேறவில்லை. கணையக் கசிவும், அதாவது தைத்த இடத்திலிருந்து கணைய நீர் ஒழுகுவதும், 19 சதவீதத்திலிருந்து 12.7 சதவீதத்துக்கு இறங்கியது. கசிவு வந்த நோயாளியைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

வார்டு_அக்கா:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். இரண்டு பேரும் மருந்தின் பெயரைப் பற்றியே பேசுகிறீர்கள்.

நாலாம் நாள், அஞ்சாம் நாள் தையல் ஓரம் சிவந்து, அழுத்தினால் கலங்கலாக வடியும். இரண்டு தையலைப் பிரித்து, கழுவி, காஸ் வைத்து அடைப்போம். தினமும் டிரஸ்ஸிங். "வீட்டுக்கு எப்போ போகலாம்?" என்று கேட்டுக் கேட்டு நோயாளி ஓய்ந்துவிடுவார். காயம் ஆறாமல் கீமோவும் தள்ளிப்போகும். புற்றுநோய்க்காரருக்கு அந்தத் தாமதம்தான் பெரிய பயம்.

ஆபரேஷன் ஐந்தாறு மணி நேரம் போகிறது. பிப்டாஸை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 24 மணியில் நிறுத்து என்று கேஸ் ஷீட்டில் யார் எழுதுகிறார்கள்? எழுதாவிட்டால் வார்டில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நுண்ணோக்கி:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நான் இன்னும் ஒரு படி பின்னால் போகிறேன். அந்த ஸ்டென்ட் எல்லாருக்கும் தேவையா? 2010-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் நெதர்லாந்து ஆய்வு ஒன்று வந்தது. கணையத் தலைப் புற்றுநோயும் காமாலையும் உள்ள 202 பேர், காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் லிட்டருக்கு 40 முதல் 250 மைக்ரோமோல் வரை. நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களில் 39% பேருக்குக் கடுமையான சிக்கல், முதலில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 74%. கிருமியை நாமே உள்ளே ஏற்றிவிட்டு, பிறகு அதைக் கொல்ல பெரிய மருந்து தேடுகிறோம்.

அரசு_அறுவை:
அந்த ஆய்வில் ஸ்டென்ட் வைக்காதவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் ஆபரேஷன் நடந்தது. தியேட்டரில் தேதி கிடைக்காத இடத்தில் காமாலை ஏறிக்கொண்டே போகுமே! அதில் வைத்தவை பிளாஸ்டிக் ஸ்டென்ட். அடைப்பதும் காய்ச்சல் வருவதும் அதில்தான் அதிகம். இன்று பலருக்கு முதலில் கீமோ, பிறகுதான் ஆபரேஷன். கீமோ கொடுக்க பிலிருபின் இறங்கியாக வேண்டும். பித்தக்குழாயில் சீழ் பிடித்துக் காய்ச்சலோடு வருபவருக்கும் வேறு வழி கிடையாது. தேவையில்லாமல் வைக்கக் கூடாது என்பதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் என் மேஜைக்கு வருபவர் ஸ்டென்ட்டோடுதான் வருகிறார்.

மலர்விழி:
ஸ்டென்ட் வைக்கும்போதே பித்தநீர் கல்ச்சர் எடுத்து, அதற்கேற்ப மருந்து கொடுக்கலாமே?

அரசு_அறுவை:
வாரங்கள் கழித்து ஆபரேஷன் நடக்கும்போது உள்ளே வேறு கிருமி குடியேறியிருக்கும் மேடம். ஆபரேஷன் அன்று எடுக்கும் கல்ச்சரின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். கீறலுக்கு முன் போடும் மருந்தைத் தேர்ந்தெடுக்க அது உதவாது. ஆனாலும் கட்டாயம் எடுக்க வேண்டும், பிறகு காயம் சீழ் பிடித்தால் எதைப் போடுவது என்று சொல்லும்.

நுண்ணோக்கி:
ஒரு நோயாளியின் பழைய கல்ச்சரை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் யூனிட்டில் இதுவரை வந்த பித்தநீர் கல்ச்சர்களை மொத்தமாக எடுத்து வையுங்கள். ஸ்டென்ட் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கிறது என்று பாருங்கள். க்ளெப்சியெல்லாவில் பாதி பிப்டாஸுக்கே கேட்கவில்லை என்றால், ஜாமா எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

அரசு_அறுவை:
எடுக்கிறேன். இரண்டு மணிக்கொரு டோஸ் போட மயக்க மருந்து நிபுணரிடமும் பேசுகிறேன், நிறுத்தும் நேரத்தையும் நானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை, ஸ்டென்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிப்டாஸ்தான் எழுதுவேன்.

நுண்ணோக்கி:
ஸ்டென்ட் இல்லாதவருக்கு எழுதுவதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கு வந்ததும் இங்கேயே போடுங்கள், அதை வைத்துப் பேசுவோம்.