தம்பி சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருகிறான், எதைக் கவனிக்க வேண்டும்?

தம்பிக்காக:
தம்பிக்கு ஹெராயின் பழக்கம் இருந்தது. மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை முடிந்து அடுத்த வாரம் வருகிறான். முகம் தெளிந்திருக்கிறது, பசித்துச் சாப்பிடுகிறான். அப்பாவோ "எல்லாம் சரியாகிவிட்டது, இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்கிறார். எனக்குப் பயம் போகவில்லை. அவன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாம் என்று அம்மா சொல்கிறார், அது சரியா?

இரவுப்பணி:
உங்கள் பயம் நியாயமானதுதான் சகோதரி. நான் அவசரப் பிரிவில் செவிலியர். அளவு மீறி எடுத்து மூச்சடங்கி வருகிறவர்களில் அப்போதுதான் சிகிச்சை முடித்தவர்களையும் பார்க்கிறோம். தொடர்ந்து எடுக்கும்போது உடம்பு பழகிப்போய் அளவு ஏறிக்கொண்டே போகும். சில வாரம் நிறுத்தினாலே அந்தத் தாங்கும் சக்தி இறங்கிவிடும், ஆனால் ஏக்கம் இறங்காது. பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூளை மூச்சை நடத்துவதையே நிறுத்திவிடும். கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம்.

கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலம் பாரித்து, தொண்டையில் கரகரவென்று குறட்டை மாதிரி சத்தம் வந்தால் அசந்து தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள். உலுக்கியும் எழவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், இல்லையென்றால் வாயில் வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். நலோக்சோன் என்ற மருந்து மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும், மூக்கில் அடிப்பதாகவும் ஊசியாகவும் இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்குமா என்று மையத்து டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் அதன் பலன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், பிறகு மூச்சு மறுபடி அடங்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டானே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

தாழ்ப்பாளைக் கழற்றலாம், அவனிடம் சொல்லிவிட்டுக் கழற்றுங்கள்.

விட்டவன்:
அப்பா சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பேச்சே இல்லாத வீட்டில் ஏக்கம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? வெட்கத்தில் ஒளிந்து, தனியாக எடுப்பதுதான் உயிரை வாங்குகிறது. எனக்கு வீட்டில் கிடைத்த பெரிய உதவி, "தோன்றினால் எந்நேரமும் எழுப்பு, திட்ட மாட்டேன்" என்று அண்ணன் சொன்னது. அப்புறம் ஏக்கத்தை அடக்க டாக்டர் கொடுக்கும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் மருந்துகள் பற்றியும் விசாரியுங்கள். "அதுவும் போதைதானே" என்று சொல்ல ஆள் வருவார்கள், கேட்காதீர்கள். 2005-லிருந்து இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன.

நேர்ப்பேச்சு:
மன உறுதி இருந்தால் மாத்திரை எதற்கு?

இரவுப்பணி:
ரத்த அழுத்தக்காரரிடம் இப்படிக் கேட்போமா? ஐ.நா. கணக்குப்படி 2022-ல் உலகில் 29.2 கோடிப் பேர் போதைப்பொருள் எடுத்திருக்கிறார்கள், அதனால் நோயாளியானவர்கள் 6.4 கோடி, அவர்களில் 11 பேரில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைத்தது. மீதிப் பேருக்கெல்லாம் மன உறுதி இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

மூன்றாம்தளம்:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் கணவர் தினமும் குடிப்பவர், நாளையிலிருந்து வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தப் போகிறாராம். விடலாமா?

இரவுப்பணி:
வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் குழம்பி உயிருக்கே ஆபத்தாகலாம். தூக்க மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கும் இதேதான், டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

தம்பிக்காக:
எல்லோருக்கும் நன்றி. இதை அப்பாவைப் படிக்க வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நலோக்சோன் பெயரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார். தம்பியிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது?

விட்டவன்:
அவன் வந்த அன்றே, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வேண்டாம். நீங்கள் மட்டும் பேசுங்கள். "மறுபடி எடுத்துவிட்டாலும் தனியாக இருக்காதே, என்னைக் கூப்பிடு" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.