பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

(குழு: நம்ம குடும்பம்)

செந்தில்: ஜன்னல் துடைக்கிற வண்டியில், நீளக் கம்புக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. நாளை காலை 7 மணிக்கு 3 மாடி வேலை. யாராவது இருக்கிறீர்களா?

கவிதா அக்கா: தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா

செந்தில்: அக்கா!

கவிதா அக்கா: போன தடவை அதுதானே டா

பெரியப்பா: ஏணியும் வாளியும் வைத்தே 30 வருடம் துடைத்தேன். பம்பாவது கிம்பாவது.

கவிதா அக்கா: ஏணியில் இருந்து விழுந்து 6 வாரம் படுத்ததையும் சொல்லுங்கள் பெரியப்பா

சரோஜா அத்தை: யார் விழுந்தது???

மணி: அது பழைய கதை அத்தை

சித்தப்பா: செந்தில், பதறாதே. அது 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், உள்ளே ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும். தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் இழுக்கிற பக்கம் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்றைத்தான் இழுக்கும். முதலில் பேட்டரியை அள. பம்ப் ஓடும்போதே அளக்க வேண்டும், நிறுத்திவிட்டு அளந்தால் எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான். அப்புறம் தொட்டியில் இருந்து வருகிற டியூபைக் கழற்றிவிட்டு, பம்பின் வாயில் கட்டைவிரலை வைத்துப் பார். விரலை இழுத்தால் பம்ப் நல்லது, டியூபிலோ கிளிப்பிலோ கோளாறு. இழுக்காவிட்டால் உள்ளே வால்வில் ஏதோ சிக்கியிருக்கிறது.

மணி: சித்தப்பா இதை வாய்ஸில் சொல்லியிருக்கலாம்

செந்தில்: பேட்டரி 12.4. விரலை இழுக்கவே இல்லை.

சித்தப்பா: அப்போது வால்வ்தான். பம்பின் தலையை, அதாவது தண்ணீர் போகிற பக்கத்தை, திற. திறக்கும் முன் ஒரு கோடு போட்டுக்கொள், திருப்பி மாட்டிவிடாதே. அதுசரி, பம்புக்கு முன்னால் ஃபில்டர் இருக்க வேண்டுமே?

செந்தில்: எந்த ஃபில்டர்

சித்தப்பா: சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும், வெளியே தெரிகிற பிளாஸ்டிக், உள்ளே வலை.

செந்தில்: மணி கழுவித் தருகிறேன் என்று கழற்றிப் போனான்

மணி: கழுவினேன். எங்கே வைத்தேன் என்பதுதான்

சரோஜா அத்தை: வலை போட்ட கிண்ணமா? என்னிடம் இருக்கிறது. பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

கவிதா அக்கா: ஐயோ அத்தை

செந்தில்: திறந்துவிட்டேன். வால்வ் ரப்பருக்கு அடியில் வெள்ளையாக நூல் மாதிரி ஒன்று. படம் அனுப்புகிறேன்.

சித்தப்பா: டெஃப்லான் டேப், ஒழுகாமல் இருக்க மரையில் சுற்றுவது. அந்த நூல் இருக்கிற வரை வால்வ் மூடாது. யார் சுற்றியது?

சித்தப்பா: இந்தப் பம்ப் மரைக்கு டேப்பே வேண்டாம், உள்ளே வாஷர் இருக்கிறது. கையால் இறுக்கினால் போதும். அதுவும் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் சுற்றினால் பிய்ந்து நேரே உள்ளேதான் போகும், ஃபில்டர் இருந்தாலும் பிடிக்காது.

குமார் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா அக்கா: படித்துவிட்டேன் மாமா

குமார் மாமா: ஒழுகியது, சுற்றினேன். அன்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்று வகுப்பு எடுக்கிறார்கள்.

சித்தப்பா: எட்டிப் பார்க்கக் கூப்பிட வேண்டும். வீடு கட்டும்போதும் இதே கதைதான்.

அம்மா: வீட்டுப் பேச்சு வேண்டாம் இங்கே

செந்தில்: நூலை எடுத்து மாட்டிவிட்டேன். முதலில் துப்பியது, இப்போது சீராக வருகிறது!

மணி: 👏

சித்தப்பா: நல்லது. ஃபில்டர் இல்லாமல் வேலைக்குப் போகாதே. இன்னொன்று, உன் படத்தில் பார்த்தேன், பம்பை நிமிர்த்தி மாட்டி மோட்டார் கீழே இருக்கிறது. தலைகீழ். தலைதான் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகுகிற தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும். ஸ்க்ரூவையும் ரப்பர் கால் அப்பளமாகும்வரை முறுக்கியிருக்கிறது. வண்டி உறுமுகிறது என்றாயே, அதனால்தான். ரப்பர் சற்று அசைய வேண்டும். இரண்டு பக்கமும் அரை மீட்டராவது வளைகிற டியூப் விடு.

செந்தில்: மாமா மாட்டியது அது

குமார் மாமா: எல்லாம் நான்தான். சரி.

செந்தில்: புது ஓட்டை போட டிரில் வேண்டுமே

பெரியப்பா: டிரில் என்னுடையது. 2 வருடமாகக் குமாரிடம் இருக்கிறது.

குமார் மாமா: திருப்பிக் கொடுத்த ஞாபகம்

பெரியப்பா: எனக்கு இல்லை

கவிதா அக்கா: நாளை ஒரு நாள் அப்படியே ஓட்டட்டுமே?

சித்தப்பா: ஒழுகாவிட்டால் ஓட்டலாம். ஆனால்

மணி: ஆனால் வேண்டாம் சித்தப்பா, மணி 11

செந்தில்: அத்தை, காலை 6 மணிக்கு வந்து கிண்ணத்தை எடுத்துக்கொள்ளட்டுமா?

சரோஜா அத்தை: வா. அந்த நீளக் கம்பையும் கொண்டு வா. என் மாடி ஜன்னலைத் துடைக்கிறேன் என்று சொல்லி ஒரு வருடம் ஆகிறது.

செந்தில்: 7 மணிக்கு வேலை இருக்கிறது அத்தை

சரோஜா அத்தை: 5 மணிக்கே வா. பொத்தானை எதில் கொட்டுவது?

பெரியப்பா: குமார், டிரில்?