ஹீட்டர் பிளோயர் வேலை செய்யல, அவசரம்

மலைப்பாதை: ஊட்டியில இருக்கேன். கார்ல ஹீட்டர் வரல. காலையில கண்ணாடி முழுக்க மூட்டம், துடைச்சுத் துடைச்சு ஓட்ட வேண்டியிருக்கு. ஃபியூஸ் பார்த்தாச்சு, நல்லா இருக்கு. நாளைக்கு விடியக்காலம் மேட்டுப்பாளையம் இறங்கணும். என்ன பண்ணலாம்?

ஸ்பேனர்12: எந்த வருஷ வண்டி? மேனுவல் திருகா, ஆட்டோ கிளைமேட்டா? எல்லா ஸ்பீடுலயும் இல்லையா?

பேட்டரி பிரியன்: மோட்டார்ல கரன்டைச் சுத்துற பாகத்துக்குக் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும். கிளவ் பாக்ஸுக்குக் கீழ மோட்டாரை லேசா தட்டிப் பாருங்க. தட்டினதும் ஓடினா கார்பன்தான்.

ஒயரிங் வாத்தியார்: "ஹீட்டர் வரல"ன்னா என்ன அர்த்தம்? காத்தே வரலையா, காத்து வந்து சூடு இல்லையா? சூடு இல்லன்னா கூலன்ட், தெர்மோஸ்டாட், ஹீட்டர் கோர் பக்கம் போகணும். காத்தே இல்லன்னா எலக்ட்ரிக்கல். இதுகூடச் சொல்லாம கேட்டா யார் என்ன பதில் தர முடியும்?

மலைப்பாதை: மன்னிக்கணும் சார். காத்துதான் வரல. 2012 பெட்ரோல், மேனுவல். 4ல வெச்சா முழு வேகமா வருது. 1, 2, 3 சுத்தமா இல்ல.

ஸ்பேனர்12: அப்போ மோட்டார், ஃபியூஸ், எர்த் மூணும் சரி. பிளோயர் ரெசிஸ்டர் போயிருக்கு. 1, 2, 3ல கரன்ட் ரெசிஸ்டர் காயில் வழியாப் போகும், 4ல அதைத் தொடாம நேரா மோட்டாருக்குப் போயிடும். மூணும் ஒண்ணா செத்தா பெரும்பாலும் அதுல இருக்கிற தெர்மல் ஃபியூஸ்தான், அதாவது சூடு ஏறினா அறுந்துபோற ஃபியூஸ்.

சாவியை எடுத்துட்டு கிளவ் பாக்ஸை இறக்குங்க. மோட்டார் பக்கத்துல காத்துக் குழாய்க்குள்ள சொருகியிருக்கும், ரெண்டு ஸ்க்ரூ. இப்பத்தான் ஓடியிருந்தா காயிலைத் தொடாதீங்க, சுடும். மல்டிமீட்டர்ல ஓம் வெச்சுப் பாருங்க. பின்களுக்கு நடுவுல சில ஓம்தான் காட்டணும். எதுவுமே காட்டலன்னா அறுந்திருக்கு.

பேட்டரி பிரியன்: அந்த தெர்மல் ஃபியூஸ் மேல ஒரு ஒயரை சால்டர் பண்ணா போதுமே. செலவே இல்ல.

ஒயரிங் வாத்தியார்: யாரும் இதைச் செய்யாதீங்க. அந்தக் காயிலைக் குளிர வைக்கிறதே பிளோயர் காத்துதான். மோட்டார் இறுகி நின்னா காத்து நிக்கும், காயில் பழுக்கும், சுத்தி பிளாஸ்டிக்கும் கருகும். அப்போ சர்க்யூட்டை அறுக்கத்தான் அந்த ஃபியூஸ். அதை ஜம்ப் பண்றது வண்டிக்குத் தீ வைக்கிறதுக்குச் சமம்.

புது ரெசிஸ்டர் மட்டும் போட்டா அதுவும் போகும். கேபின் ஃபில்டர் அடைச்சிருக்கா, கனெக்டர் உருகியிருக்கா, மோட்டார் தண்டைத் தாங்குற புஷ் இறுகியிருக்கா பாருங்க. டிசி கிளாம்ப் மீட்டர்ல 4ல வெச்சு ஆம்பியர் பாருங்க. சின்ன வண்டிக்குப் பொதுவா 20க்குள்ளதான் இருக்கும். தாண்டினா மோட்டாரையும் மாத்தணும்.

மைலேஜ் கணக்கு: 1ல வெச்சாலும் மிச்ச கரன்ட் ரெசிஸ்டர்ல சூடா வீணாப்போகுதுன்னா, 4லயே ஓட்டலாமே? பெட்ரோல் ஒண்ணுதானே?

ஸ்பேனர்12: இல்ல. ரெசிஸ்டர் மோட்டாரோட சீரிஸ்ல, ஒரே வரிசையில இருக்கு, மொத்த கரன்டே குறையும். உதாரணத்துக்கு 4ல 15 ஆம்பியர்னா 13 வோல்ட்ல 195 வாட். 1ல 4 ஆம்பியர்னா 52 வாட். அதுல பாதிக்கு மேல சூடாப் போனாலும் மொத்தம் கம்மிதான்.

மைலேஜ் கணக்கு: ஏசி கம்ப்ரசர் இழுக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு கணக்கா?

ஒயரிங் வாத்தியார்: கம்ப்ரசர் பெருசுங்கிறதால 143 வாட் சைபர் ஆயிடாது.

ஸ்பேனர்12: அவர் விடியக்காலம் இறங்கணும், அதைப் பாருங்க. மலைப்பாதை, பார்ட் கிடைக்கிற வரைக்கும் 4ல ஓட்டலாம், ஆபத்தில்ல. காத்தைக் கண்ணாடிக்குத் திருப்புங்க, வெளிக்காத்து திறந்திருக்கணும், சூடு முழுசா, கூடவே ஏசியும் ஆன். ஏசி ஈரத்தை எடுக்கும், மூட்டம் சீக்கிரம் விலகும். உள்காத்து சுழற்சி போடவே கூடாது.

மலைப்பாதை: 4ல வெச்சே இறங்கிட்டேன். ரெசிஸ்டர்தான். கனெக்டர்ல ஒரு பின் கருகியிருந்தது, ஃபில்டர் பூரா தைல மரத்துச் சருகு. மூணும் மாத்தியாச்சு, எல்லா ஸ்பீடும் வருது. நன்றி.

ஒயரிங் வாத்தியார்: 4ல எத்தனை ஆம்பியர் காட்டுச்சு?

ஒயரிங் வாத்தியார்: மலைப்பாதை, ஆம்பியர் பார்த்தீங்களா? பின் கருகியிருந்ததுன்னா மோட்டாரைச் சும்மா விடக்கூடாது.