பொய் விலாசத்தில் பிள்ளையைச் சேர்த்தவர் எம்பியிடம் கணக்குக் கேட்கலாமா?

சுன்னாகத்தான்:
கிட்ட வீடு இருந்தால் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும் என்பதால், முதலாம் தரத்துக்கு விண்ணப்பம் போடும் காலம் வந்தால் யாழ்ப்பாண நகரத்தில் குடும்பங்கள் திடீரென்று பெருகிவிடும். பெயர்பெற்ற பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீடு. வாக்காளர் இடாப்பின்படி அங்கே மூன்று குடும்பம். போய்ப் பார்த்தால் ஒரு ஆச்சியும் ஒரு நாயும்தான். கரண்ட் பில் பெரியப்பாவின் பெயரிலிருந்து மாறியிருக்கும், வாடகை ஒப்பந்தம் எழுதியிருப்பார்கள், விதானையும் (கிராம சேவையாளர்) கையெழுத்து வைத்திருப்பார்.

இதே ஆக்கள்தான் 2024 டிசம்பரில் சபாநாயகர் அசோக ரன்வலவின் கலாநிதிப் பட்டத்தை முகநூலில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவரால் சான்றிதழைக் காட்ட முடியவில்லை, பதவி விலகினார். விலகத்தான் வேண்டும், அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் பொய் விலாசம் கொடுத்துப் பிள்ளையைச் சேர்த்தவருக்கு அவரைக் கேட்க என்ன தகுதி? முதலில் நாங்கள் திருந்த வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

கொக்குவில் பெடியன்:
அண்ணை, தகுதி பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்றால் நாட்டில் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. அரசியல்வாதிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கடையில் சவர்க்காரம் வாங்கும் ஆச்சியும் 18 சதவீதம் வற் வரி கட்டுகிறார். கேட்க அது போதும்.

அளவும் ஒன்று இருக்கிறது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ராஜபக்ச சகோதரர்கள் கோட்டாபய, மஹிந்த, பசில் உட்படப் பலர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறிப் பொருளாதார நெருக்கடிக்குக் காரணமானார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. நாடே எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நெருக்கடி அது. மனுதாரர்களுக்குக் கிடைத்தது வழக்குச் செலவாக ஆளுக்கு 150,000 ரூபாய். அதற்குப் பக்கத்தில் ஒரு கரண்ட் பில்லைக் கொண்டுவந்து வைக்கிறீர்களே!

ஓய்வுபெற்ற ரீச்சர்:
தம்பி, அளவு என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கும் இடங்கள் எண்ணி வைத்தவை. ஒரு பொய் விலாசம் உள்ளே போனால் ஒரு உண்மை விலாசம் வெளியே நிற்கும். மதிலுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் தாய் மேன்முறையீட்டுக் கடிதத்தோடு அலைவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்க்கு அது சின்ன விசயமா?

இன்னொன்றை இங்கே ஒருவரும் சொல்லவில்லை. இடாப்பில் பெயர் மாறினால் வாக்கும் மாறும். மானிப்பாயில் இருப்பவர் மகனுக்காக நகரத்தில் பதிந்தால், மாநகர சபைத் தேர்தலில் அந்த வட்டாரத்துக்குத்தான் வாக்குப் போடுவார். அங்கே வாய்க்கால் அடைத்தாலும் இவருக்கென்ன, குப்பை அள்ளாவிட்டாலும் இவருக்கென்ன?

கொக்குவில் பெடியன்:
ரீச்சர், வாக்கு விசயம் நான் யோசிக்காத பக்கம். பொய் விலாசம் சரி என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் எல்லாரும் நாலைந்து பள்ளிக்கூடங்களையே ஏன் முட்டுகிறார்கள்? கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை. அதை நிரப்பாதவரை விட்டுவிட்டுத் தகப்பனைப் பிடித்தால் எப்படி? கள்ளக் கடுதாசி என்று தெரிந்தும் கையெழுத்து வைத்தவர் அரசாங்கச் சம்பளம் எடுக்கிறவர். முதலில் அவரைக் கேளுங்கள்.

சுன்னாகத்தான்:
அவருக்குச் 'சந்தோசம்' கொடுத்தது யார்? இலஞ்சம் வாங்கினவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளி என்றுதான் இந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. 2023இல் வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டத்திலும் அதுதான். நாங்கள் வாங்கினவனைத் திட்டுவோம், கொடுத்தவரைக் 'கெட்டிக்காரன், அலுவல் முடித்துவிட்டான்' என்போம்.

பருத்தித்துறைக் காற்று:
நீங்கள் மூன்று பேரும் விலாசத்திலேயே நிற்கிறீர்கள். எங்கள் பெரிய நோய் வேறு. நாங்கள் குற்றத்தைப் பார்ப்பதில்லை, யாருடைய ஆள் என்று பார்க்கிறோம்.

2017ஐ நினைத்துப் பாருங்கள். வட மாகாண அமைச்சர்கள் மீதான குற்றச்சாட்டுகளை விசாரிக்க முதலமைச்சர் விக்னேஸ்வரன் ஒரு குழு போட்டார். குழுவின் அறிக்கை வந்தது, அமைச்சர்கள் இருவரைப் பதவி விலகச் சொன்னார். உடனே அவருக்கு எதிராகவே நம்பிக்கையில்லாப் பிரேரணை, அவருக்கு ஆதரவாகக் கடையடைப்பு. தேநீர்க் கடையில் இருந்து கதைத்தவர்களில் எத்தனை பேர் அறிக்கையைப் படித்தார்கள்? 'விக்கி ஐயா பக்கமா, கட்சிப் பக்கமா' என்பதுதான் கேள்வியாக இருந்தது. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று கேட்டவரைத் துரோகி போலப் பார்த்தார்கள். 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு மாகாணத் தேர்தலே நடக்கவில்லை. கேட்கிறதற்குச் சபையும் இல்லாமல் போனது.

2025 ஓகஸ்டில் முன்னாள் ஜனாதிபதி ரணிலைக் கைது செய்தபோதும் அதே கதைதான். அரச பணத்தில் சொந்தப் பயணம் போனார் என்பது குற்றச்சாட்டு. அவரைப் பிடிக்காதவர்கள் விசாரணை முடியுமுன்னே தீர்ப்பு எழுதினார்கள். பிடித்தவர்கள் 'இது ஒரு காசா' என்றார்கள். தங்கள் கட்சிக்காரர் கந்தோர் வாகனத்தில் கலியாண வீட்டுக்குப் போனால் இரண்டு பகுதியும் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

ஸ்காபுரோ வாசி:
வெளிநாட்டில் இருந்து மூக்கை நுழைக்கிறேன், குறை நினைக்க வேண்டாம். ஊர்க் கோயில் கோபுரத் திருப்பணிக்கு நாங்கள் ஆறேழு குடும்பம் சேர்ந்து காசு அனுப்பினோம். எந்த ஊர், எந்தக் கோயில் என்று சொல்லப் போவதில்லை. செலவு விபரம் கேட்டதற்கு வந்த பதில்: 'சாமிக் காசுக்கும் கணக்குக் கேட்கிறீர்களோ?' பதில் சொன்னவரின் முகநூலைத் திறந்தால் பாராளுமன்ற உறுப்பினர்களின் சொத்து விபரத்தை வெளியிடச் சொல்லிக் கிழமைக்கு ஒரு பதிவு!

பரிபாலன சபைக்காரன்:
நான் வேறு கோயில், ஆனாலும் எனக்குச் சுடுகிறது. நாங்கள் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறோம். சீமெந்து விலை நாளுக்கு நாள் மாறும், கொத்தனார் பற்றுச்சீட்டுத் தரமாட்டார், மேளகாரருக்கு முற்பணம் கையில்தான் கொடுக்க வேண்டும். காசு தந்தவர் பத்துப் பேர், கணக்குக் கேட்கிறவர் நூறு பேர். மந்திரிக்கு வாகனம் இருக்கிறது, செயலாளர் இருக்கிறார். எனக்கு ஒரு கொப்பியும் பேனாவும்தான். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்கலாமா?

ஓய்வுபெற்ற ரீச்சர்:
கொப்பி இருக்கிறது என்கிறீர்களே, அதைத்தானே கேட்கிறார்கள்? சம்பளம் வாங்காதது உங்கள் பெருமை. அதற்காக மற்றவர் காசு உங்கள் காசாகிவிடாது.

பிரதேச சபை றோட்டு எவ்வளவுக்குப் போட்டது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரை போகலாம். ஊர்க் கோயிலுக்கும் சனசமூக நிலையத்துக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் அப்படி மனுப்போட வழி இல்லை. அங்கே இருப்பது வருடாந்தப் பொதுக்கூட்டம் ஒன்றுதான். அதிலும் 'கணக்கறிக்கை வாசித்ததாகக் கொள்ளப்படும்' என்று ஒரு வரி, பிறகு வடையும் தேநீரும்.

சுன்னாகத்தான்:
இதைத்தானே முதலில் இருந்தே சொல்கிறேன். திருந்த வேண்டியது நாங்கள்தான்.

கொக்குவில் பெடியன்:
இல்லை அண்ணை, ரீச்சர் சொல்வது வேறு. நீங்கள் 'நாங்கள் திருந்தும்வரை மேலே கேட்காதே' என்றீர்கள். அவர் 'மேலேயும் கேள், பக்கத்திலும் கேள்' என்கிறார். மற்றவரின் காசோ இடமோ கையில் வைத்திருக்கிறவர் யாராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும். கேட்கிறவர் உத்தமனா என்பது அடுத்த கதை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலைத் தடுக்கத் தவறிய வழக்கில், அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபாலவைப் பத்துக் கோடி ரூபாய் சொந்தக் காசில் கட்டச் சொன்னது நீதிமன்றம். தவணை தவணையாகக் கட்டினார். வழக்குப் போட்டவர்கள் ஒருநாளும் தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடவில்லையா என்று யாராவது பார்த்தார்களா?

சுன்னாகத்தான்:
நீதிமன்றத்தில் அது சரி தம்பி. ஊருக்குள் அப்படி இல்லை. நீ கேட்டால் 'உன்ர மகன் எப்படி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன்' என்று ஒரே கேள்வியில் உன் வாயை அடைத்துவிடுவார்கள். அதுக்குப் பிறகு ஆணைக்குழுவும் இல்லை, சட்டமும் இல்லை.

ஓய்வுபெற்ற ரீச்சர்:
அப்படியானால் ஒன்று கேட்கிறேன். வாக்காளர் இடாப்பைத் திருத்தும்போது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். பிழையான பெயருக்கு ஆட்சேபம் கொடுக்கலாம். இங்கே எழுதும் யாராவது ஒருமுறை கொடுத்திருக்கிறீர்களா?

பருத்தித்துறைக் காற்று:
பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராகவா? நாளைக்கு அவர் வீட்டுச் செத்தவீட்டுக்கு எப்படிப் போவது ரீச்சர்! எம்பியைத் திட்டினால் அந்தச் சிக்கல் இல்லை.

ஸ்காபுரோ வாசி:
சபைக்கார அண்ணை, உங்கள் கோயில் பொதுக்கூட்டத்தையாவது நேரலையில் போடுவீர்களா?

பரிபாலன சபைக்காரன்:
சபையில் கேட்டுப் பார்க்கிறேன். கணக்கு வாசிக்கும் நேரம் கரண்ட் போனால் என்னைக் கேட்காதீர்கள்.